இரண்டரை சி.சி. இன்ஜினும் சிற்பியின் கையும்

செங்கல்பட்டில் என் வீட்டு மாடி அறையில் போன வருடம் வரை முப்பத்தொரு இன்ஜின்கள் இருந்தன. எல்லாமே உள்ளங்கையில் அடங்குபவை. நாற்பது ஐம்பது வருடத்துக்கு முன்னால், மாதிரி விமானங்களில் பூட்டிப் பறக்கவிடுவதற்காகச் செய்தவை. அதில் முப்பதை நான் ஓடவிட்டுவிட்டேன். ஒன்றை மட்டும் தொடவே இல்லை. நேரமில்லை என்று கேட்டவர்களிடமெல்லாம் சொல்லிவந்தேன். தைரியமில்லை என்பதுதான் உண்மை.

ரயில்வே சிக்னல் பிரிவிலிருந்து விருப்ப ஓய்வு பெற்ற பிறகு எனக்கு இதுதான் முழுநேர வேலை. காயலான் கடையிலிருந்தோ யார் வீட்டுப் பரணிலிருந்தோ ஒரு பழைய இன்ஜின் வந்து சேரும். முன்னால் இருக்கும் காத்தாடியைப் பிடித்துத் திருப்பினால் அசையாது. எரிபொருளோடு சேர்த்து ஊற்றிய விளக்கெண்ணெய் உள்ளேயே காய்ந்து, கோந்தாகி, எல்லாவற்றையும் பிடித்துவைத்திருக்கும். அதனிடம் பலத்தைக் காட்டக் கூடாது, காட்டினால் உள்ளே ஏதாவது முறிந்துவிடும். காருக்கு ஊற்றுகிற கூலன்ட்டில் போட்டு, சின்னத் தீயில் நாள் முழுக்க வேகவைக்க வேண்டும். இதற்காக என் மனைவியின் ஐந்து லிட்டர் குக்கரை எடுத்துக்கொண்டேன். கூலன்ட் விஷம், அதனால் அந்தக் குக்கர் அடுப்படிக்குத் திரும்பவில்லை. அவள் மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நான்காம் நாள் பேச ஆரம்பித்ததும், அந்த மூன்று நாளே தேவலை என்று ஆகிவிட்டது.

ஆனால் சாயங்காலம் வெளியே எடுத்து, துணியால் துடைத்து, காத்தாடியை ஒரு விரலால் தொடும்போது லேசாக ஒரு அசைவு வரும் பாருங்கள். இருபது வருடம், முப்பது வருடம் பிடிவாதம் பிடித்த இரும்பு, சரி, போய்த் தொலை என்று விட்டுக்கொடுக்கும். அந்த ஒரு நொடிக்காக இன்னும் நாலு குக்கரைக்கூடத் தாரை வார்ப்பேன்.

இவற்றில் எனக்குப் பிடித்தவை டீசல் இன்ஜின் என்று சொல்லப்படுபவை. பெயர்தான் டீசல், ஒரு சொட்டு டீசல் கிடையாது. ஈதர், மண்ணெண்ணெய், விளக்கெண்ணெய் மூன்றையும் ஏறக்குறைய சமமாகக் கலந்து ஊற்ற வேண்டும். பற்றவைக்கப் பிளக்கும் கிடையாது. சிலிண்டரின் உச்சியில் மூடி மாதிரி இன்னொரு குட்டிப் பிஸ்டன் உட்கார்ந்திருக்கும். தலையிலுள்ள திருகை முறுக்கினால் அது கீழே இறங்கும். இறங்க இறங்க உள்ளே அழுத்தம் ஏறி, அந்த அழுத்தத்திலேயே எரிபொருள் தானாகப் பற்றிக்கொள்ளும். இதைச் செய்தவர்களின் மூளையை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கை கூப்பத் தோன்றுகிறது.

சத்தம்தான் பிரச்சினை. பரீட்சைக்குப் படிக்கிற மகளைக் காட்டி எதிர்வீட்டுக்காரர் சண்டைக்கு வந்தார். நானும் சும்மா விடவில்லை. ஆனால் நியாயம் அவர் பக்கம் இருந்தது. அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ஸ்கூட்டரில் ஒரு பலகையும் இரண்டு இன்ஜினும் எடுத்துக்கொண்டு, திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போய்விடுவேன். ஊரைத் தாண்டிச் சவுக்குத் தோப்புக்குப் பக்கத்தில் மணல் வெளி இருக்கிறது. பலகையை இரண்டு கல்லுக்கு மேல் வைத்து, அதில் இன்ஜினை முடுக்கி ஓட்டுவேன். கேட்பதற்குக் கடலைத் தவிர யாரும் இல்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

ஒரு நாள் ஒரு இன்ஜின் இருமிக்கொண்டே ஓடியது. நான் காதைக் கொடுத்துக் கேட்டபடி எரிபொருளைக் கூட்டிக் குறைக்கிற ஊசித் திருகை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டிருந்தேன். சட்டை, மீசை, புருவம் எல்லாம் கல்தூசியாக ஒருவர் வந்தார். என் வயதுதான் இருக்கும். அனுமதி கேட்காமல் பலகையின் மேல் உள்ளங்கையை வைத்தார். கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டு, தலையிலுள்ள திருகை ஒரு துளி இறுக்கச் சொல்லி விரலால் காட்டினார். எனக்குச் சுருக்கென்றது. வருடக்கணக்காக இதே வேலையாக இருக்கிறேன், இவர் யார் எனக்குச் சொல்ல? அவர் சொன்னது தப்பு என்று காட்டுவதற்காகவே இறுக்கினேன். இருமல் நின்று, இன்ஜின் ஒரே சீராகப் பாட ஆரம்பித்தது.

"இப்ப சரியா கீது," என்றார், ஊருக்கே கேட்கிற குரலில்.

அவர் கத்திப் பேசியதற்குக் காரணம் பிறகுதான் தெரிந்தது. மாமல்லபுரத்தில் சிற்பப் பட்டறை வைத்திருப்பவர். காலமெல்லாம் காதுக்குப் பக்கத்தில் கல் அறுக்கும் இயந்திரம் ஓடியதில் ஒரு காது சுத்தமாகப் போய்விட்டது. இன்னொன்றில் பாதிதான் மிச்சம். எதிராளியின் உதட்டைப் பார்த்துத்தான் பேச்சைப் பிடிப்பார். இன்ஜின் இருமியது அவருக்குக் கேட்கவே இல்லை. பலகையின் அதிர்வு மட்டும்தான் அவருக்கு. அதற்குப் பிறகு எத்தனையோ ஞாயிறு நான் காதாலும் அவர் கையாலும் ஒரே இன்ஜினைச் சீர் பார்த்திருக்கிறோம். இருவருக்கும் ஒத்துப்போகாத போதெல்லாம் பெரும்பாலும் அவர் சொன்னதுதான் சரியாக இருந்தது. இதை ஒப்புக்கொள்ள எனக்கு ஒரு வருடம் ஆனது.

திரும்பும் வழியில் அவர் பட்டறையில் உட்கார்வது வழக்கமாயிற்று. கருங்கல் பிள்ளையாரின் வயிற்றைத் தண்ணீர் விட்டு மெருகேற்றுவார். கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலை ஓட்டி, ஒரு இடத்தில் நிறுத்தி, இங்கே மேடு என்பார். நான் கண்ணாடி போட்டுக்கொண்டு குனிந்து பார்ப்பேன், எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. அவர் அங்கே நாலு தேய்ப்புத் தேய்த்துவிட்டு என் விரலைப் பிடித்து வைப்பார். அப்போதுதான் முன்னால் மேடு இருந்தது எனக்குப் புரியும்.

இனி அந்த முப்பத்தொன்றாவது இன்ஜினுக்கு வருகிறேன். அது என் அண்ணனுடையது. என்னைவிட ஐந்து வயது மூத்தவன். கல்லூரியில் படிக்கும்போது, பறக்கவிடுவதை விட்டுவிட்ட ஒருவரிடமிருந்து அந்த இரண்டரை சி.சி. டீசலை வாங்கினான். ஆறு மாதம் உட்கார்ந்து அதற்கு ஒரு விமானம் கட்டினான். ரேடியோ எல்லாம் கிடையாது. இறக்கையிலிருந்து வரும் இரண்டு கம்பிகளைப் பிடித்துக்கொண்டு நடுவில் நின்றால் விமானம் அவனைச் சுற்றிச் சுற்றிப் பறக்கும். என்னைத் தொட விடமாட்டான். எனக்கு அப்போது பதிமூன்று வயது, கொழுப்பு அதிகம். பள்ளியில் மாமல்லபுரம் சுற்றுலா போனபோது அவனுக்குத் தெரியாமல் அதை எடுத்துக்கொண்டு போனேன்.

கடற்கரையில் வகுப்பே சுற்றி நிற்க, அவன் செய்வதைப் பார்த்துப் பார்த்துக் கற்றிருந்தபடி இன்ஜினைக் கிளப்பினேன். கிளம்பிவிட்டது, அதுதான் வினை. நான் நடுவில் கம்பிகளோடு நிற்க, ஒரு பையன் விமானத்தைப் பிடித்திருந்து கையை எடுத்தான். கால் வட்டம் பறந்து, மூக்கைக் குத்திக்கொண்டு ஈர மணலில் விழுந்தது. இறக்கைகள் சுக்குநூறாகிவிட்டன. இன்ஜினுக்குள் மணல். கடலோரத்தில் கைகால் மணலைக் கடலில்தானே கழுவுவோம்? அப்படியே அதையும் அலையில் நன்றாக அலசி எடுத்தேன். விமானத்தை அங்கேயே விட்டுவிட்டு, இன்ஜினைச் சாப்பாட்டு டப்பாவில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து, தேங்காயெண்ணெய் ஊற்றி ஒளித்துவைத்தேன்.

கொல்லைப் பக்கமாக எவனோ திருடிவிட்டான் என்று அண்ணன் நினைத்தான். ஒரு வாரம் தேடினான். தெருவில் எல்லோரையும் கேட்டான், என்னையும் கேட்டான். தெரியாது என்றேன். அதற்குப் பிறகு அவன் இன்னொரு விமானம் கட்டவே இல்லை. வங்கி வேலைக்குப் போனான், கல்யாணம் செய்துகொண்டான், திருப்போரூரில் மனை வாங்கி வீடு கட்டினான். நான் இந்த இன்ஜின் பைத்தியம் பிடித்து அலைவதைப் பார்த்து, எங்கிருந்துடா உனக்கு இது வந்தது என்று சிரிப்பான். எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். நாற்பத்தைந்து வருடம் வாயைத் திறக்கவில்லை.

போன வருடம் அண்ணி இறந்துவிட்டாள். வெளிநாட்டில் இருக்கும் மகள், தனியாக இருக்க வேண்டாம், வந்துவிடுங்கள் என்று நச்சரித்து அவனை ஒத்துக்கொள்ள வைத்தாள். வீட்டை விட்டு ஒரேயடியாகப் போகிறேன், ஏழு வாரத்தில் விமானம் என்று ஒரு காலையில் எனக்குப் போனில் சொன்னான். போனை வைத்த கையோடு மாடிக்குப் போய் அந்த டப்பாவை எடுத்தேன். அவன் போவதற்குள் இன்ஜினை உயிர்ப்பித்து அவன் கையில் கொடுக்க வேண்டும். கொடுக்கும்போது நடந்ததைச் சொல்ல வேண்டும். பாழாய்ப்போன இரும்பைக் கையில் வைத்துக்கொண்டு அதைச் சொல்ல எனக்கு வாய் வராது.

பிரித்துப் பார்த்ததில் மற்றதெல்லாம் தப்பித்திருந்தது. சிலிண்டர்தான் மோசம். உட்புறம் உப்பு தின்ற துரு, அதோடு மணல் கீறிய கோடுகள். மிக மெல்லிய பசையால் மெருகேற்றி எடுக்க வேண்டும். என் கைக்கு அவ்வளவு நிதானம் கிடையாது. நிதானமான கை யாருடையது என்று எனக்குத் தெரியும். சிற்பியிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். இது யாருடையது, எதற்காக என்றெல்லாம் சொன்னேன். துரு போனால் போதும் என்றேன்.

நாலாம் நாள் திருப்பிக் கொடுத்தார். உள்ளே பார்த்தால் என் கண் தெரிந்தது, அப்படி ஒரு மெருகு. வானத்தில் மிதந்துகொண்டு வீட்டுக்கு வந்தேன். கழுவித் துடைத்து, பிஸ்டனில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, கீழிருந்து உள்ளே தள்ளினேன். நல்ல இன்ஜினில் பிஸ்டன் கீழே தளர்வாகப் போகும், உச்சிக்குப் பக்கத்தில் வரும்போது இறுகி நிற்கும், அதற்கு மேல் அழுத்தித்தான் தள்ள வேண்டும். இது எங்கேயும் நிற்கவில்லை. அடியில் போனது, மேல் வாய் வழியாக வெளியே வந்து மேஜையில் உருண்டது.

இந்தச் சிலிண்டர்களின் துளை கண்ணுக்கு நேராகத் தெரியும், ஆனால் நேர் கிடையாது. உச்சியில் ஒரு முடி கனத்திலும் சிறு பங்கு குறுகல் இருக்கும். செய்தவர்கள் வேண்டுமென்றே வைத்தது அது. அங்கேதான் அழுத்தம் கசியாமல் நிற்க வேண்டும். மெருகுக் குச்சி மேலே போகும்போது இறுகுவதைச் சிற்பியின் கை கண்டுபிடித்துவிட்டது. இத்தனை அழகான சாமானில் எவனோ ஒரு தப்பு விட்டுவிட்டான் என்று நினைத்து, என் மேல் இருந்த பிரியத்தில் அதைச் சரிசெய்துவிட்டார். அந்தக் குறுகலைக் கண்டுபிடிக்க மற்றவர்களுக்குக் கருவி வேண்டும். அவர் விரலாலேயே கண்டுபிடித்து, விரலாலேயே கெடுத்திருந்தார்.

அன்று மத்தியானமே கொதிக்கிற வெயிலில் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனேன். பட்டறையில் அவருடைய ஆட்கள் நாலு பேர் வேலை செய்துகொண்டிருந்தார்கள். அவர்கள் முன்னால் கத்தினேன்.

"கல்லு கொத்துறவனுக்கு இன்ஜின பத்தி இன்னா தெரியும்? காதுதான் போச்சின்னா கையும் போச்சா?"

அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். உளியைக் கீழே வைத்தார். சிலிண்டரை நான் ஒரு கல்லின் மேல் வைத்துவிட்டு வந்தேன். வைத்தேன் என்பது மரியாதைக்குச் சொல்வது, எறிந்தேன் என்றே சொல்லலாம்.

வீட்டில் புலம்பியபோது மனைவி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, உச்சியில் குறுகலாக இருக்க வேண்டும் என்று அவரிடம் சொன்னீர்களா என்று கேட்டாள். அது எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்றேன். இத்தனை வருடமாக இந்த வீட்டில் இதுகளோடுதான் குடித்தனம் நடத்துகிறேன், எனக்கே இப்போதுதான் தெரியும் என்றாள். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்? இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. இன்ஜின் போனது பாதி, அந்த மனிதரைப் பேசிய பேச்சு மீதி.

மூன்றாம் நாள் காலை அவரே வந்து வாசலில் நின்றார். மாமல்லபுரத்திலிருந்து பஸ் ஏறி வந்து, சத்தம் போடுகிற இன்ஜின் வைத்திருக்கும் ரயில்வேக்காரர் வீடு எது என்று தெருத் தெருவாகக் கேட்டிருக்கிறார். எங்கள் எதிர்வீட்டுக்காரர்தான் வழிகாட்டியிருக்கிறார். நான் எழுந்து நின்றேன். அவர் பார்க்கும்படி நேராக முகத்தை வைத்துக்கொண்டு, அன்றைக்கு நான் பேசியது தப்பு, மன்னித்துக்கொள்ள வேண்டும் என்றேன்.

"பாதிதான் சார் காதுல வுழுந்திச்சி," என்றார். "மீதிய பசங்க சொன்னானுங்க."

எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அவர் அதைக் கண்டுகொள்ளாமல் உட்கார்ந்து, மடியிலிருந்து சிலிண்டரை எடுத்து மேஜையில் வைத்தார். மனைவி கொண்டுவந்த காபியை ஒரே மூச்சில் குடித்துவிட்டுப் பேசினார்.

"செலைல மூக்கு ஒடஞ்சிச்சின்னா ஒட்ட முடியாது சார். அதுக்கோசரம் கல்ல தூக்கிப் போட மாட்டோம். மூஞ்சி மொத்தத்தையும் ஒரு நூலு உள்ள எடுப்போம். புது மூக்கு உள்ளேர்ந்து வரும்."

முதலில் எனக்கு விளங்கவில்லை. அவர் விரலால் சிலிண்டரின் அடிப்பக்கத்தைத் தொட்டுக் காட்டினார். விளங்கியபோது உடம்பு சிலிர்த்துவிட்டது. உச்சி அகலமாகிவிட்டது, அதைத் திரும்பக் குறுக்க முடியாது. ஆனால் அடியை அதைவிட அகலமாக்க முடியும். அப்போது உச்சி தானாகவே குறுகல் ஆகிவிடும். துளை மொத்தமாகப் பெரிதாகும், அதற்கேற்றபடி புதுப் பிஸ்டன் செய்துகொண்டால் போயிற்று. முப்பது இன்ஜின் பார்த்தவன், புத்தகம் புத்தகமாகப் படித்தவன், எனக்கு இது தோன்றவில்லை. என் ஏச்சையும் வாங்கிக்கொண்டு, இன்ஜினைப் பற்றி ஒன்றும் தெரியாமல், அந்த மனிதர் மூன்றே நாளில் இதை யோசித்திருந்தார்.

செங்கல்பட்டில் எனக்குத் தெரிந்த லேத் பட்டறையில், உடைந்த பம்பு ஒன்றின் வார்ப்பிரும்பிலிருந்து, பிஸ்டனும் உச்சிக் குட்டிப் பிஸ்டனுமாக மூன்று ஜோடி கடைந்து வாங்கினேன். ஒவ்வொன்றும் தேவைக்கு ஒரு இழை பெரிது. மிச்ச வேலை முழுக்க அவர் கையில். பிளந்த செம்புக் குழாயில் பசை தடவி, சிலிண்டரின் அடிப்பகுதியை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்தார், பிறகு பிஸ்டனை அதற்குப் பொருந்தும்படி தேய்த்தார். பத்துத் தேய்ப்பு, பிறகு மண்ணெண்ணெயில் கழுவல், பிறகு ஆற வைத்தல். சூடாக இருக்கும்போது அளவு பார்க்கவே மாட்டார். சூட்டில் இரும்பு பொய் சொல்லும் என்று முதல் நாளே கண்டுபிடித்துவிட்டார். ஒரு ஹோட்டலுக்குச் செய்துகொண்டிருந்த நந்தி பாதி முகத்தோடு ஓரத்தில் காத்துக்கிடந்தது.

முதல் பிஸ்டனில் ஒரு தேய்ப்பு கூடிப்போய் வீணானது. இரண்டாவதில் வார்ப்பிலேயே ஒரு பொடித் துளை இருந்தது. மூன்றாவதைத் தொடும்போது ஐந்து வாரம் ஓடியிருந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன். அவர் மட்டும் அவசரப்படவில்லை. ஒரு காலையில் பிஸ்டனை உள்ளே விட்டார். வழுக்கிக்கொண்டு போய், உச்சிக்கு ஒரு நகக்கண் தூரத்தில் நின்றது. என்னைப் பார்த்து, நீயே தள்ளு என்று கண் காட்டினார். தள்ளினேன். இறுகிக்கொண்டு, விருப்பமில்லாமல், மேலே ஏறியது. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். கல்தூசியும் பசையுமாக இருந்த அந்தக் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை.

பூட்டி முடித்தோம், ஆனால் ஓட்டிப் பார்க்கவில்லை. அதற்கு ஒரு காரணம் இருந்தது. ஒரு முறை எரிபொருள் ஊற்றி ஓட்டிவிட்டால் அந்த வாடை இன்ஜினை விட்டுப் போகாது. எவ்வளவு கழுவினாலும் விமான நிலையத்தில் மோப்பம் பிடித்து வாங்கி வைத்துக்கொள்வார்கள். எனக்குத் தெரிந்த ஒருவருக்கு அப்படி ஆகியிருக்கிறது. வாடையில்லாமல் சுத்தமாகக் கொடுத்தால்தான் அண்ணன் அதைத் தன்னோடு கொண்டுபோக முடியும். அவன் வீட்டில், அவன் கண் முன்னால் அது இருக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை.

அவன் கிளம்புவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, ஒரு இடம் காட்டுகிறேன் வா என்று மணல்வெளிக்கு அழைத்துக்கொண்டு போனேன். சிற்பி ஏற்கெனவே வந்து பலகையைக் கல்லின் மேல் வைத்திருந்தார். அண்ணன் கையில் பெட்டியைக் கொடுத்தேன். திறந்தான். இன்ஜினை எடுத்துத் திருப்பினான். அடிப்பக்கத்தில் விமானத்தில் பொருத்துவதற்காக அவனே அரம் போட்ட தடம் இருந்தது. அதன் மேல் அவன் கட்டைவிரல் போய் நின்றது.

எங்கே கிடைத்தது என்று கேட்டான். எல்லாவற்றையும் சொன்னேன். சுற்றுலா, கால் வட்டம், மணல், அலையில் அலசியது, தேங்காயெண்ணெய், தெரியாது என்று சொன்னது. அவன் இன்ஜினை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தான்.

"எட்த்துனு போனது கூட போவட்டும்டா," என்றான். "உப்புத் தண்ணில எவனாவது இன்ஜின கழுவுவானா?"

கோபம் அந்த ஒன்றில்தான் இருந்தது. நிஜமான கோபம். நான் தலையைக் குனிந்துகொண்டு, சிற்பி செய்ததையெல்லாம் சொன்னேன். அவர் கெடுத்ததையும் சொன்னேன், நான் பேசியதையும் சொன்னேன். பிறகு, இது சுத்தமாக இருக்கிறது, பெட்டியில் வைத்துக் கொண்டுபோகலாம், ஓட்டினால் கொண்டுபோக முடியாது என்றேன்.

"ஓடுமா?" என்று கேட்டான்.

சரிசெய்தவரைக் கேள் என்றேன். அவன் சிற்பியைப் பார்த்தான். அவர் எங்கள் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தவர். எப்போதும் கத்திப் பேசுகிறவர், அன்று மெதுவாகச் சொன்னார்.

"ஓடும்."

அப்படியானால் ஓட்டிப் பார்த்துவிடலாம், அலமாரியில் வைத்து நான் என்ன பூஜையா செய்யப் போகிறேன் என்றான் அண்ணன். நான் தடுத்தேன். ஐந்து வாரம் பட்ட பாட்டைச் சொல்லிக் கெஞ்சினேன். அவன் காதில் வாங்காமல் சட்டைக் கையை மடித்துவிட்டான்.

எரிபொருளை ஊற்றினேன். நாற்பத்தைந்து வருடத்தில் அவன் கை எதையும் மறக்கவில்லை. பக்கத் துளையில் ஒரு சொட்டு விட்டான், காத்தாடியை விரலால் சுண்டினான். ஒன்றுமில்லை. பத்து முறை, இருபது முறை. காத்தாடி எதிர்த்துத் திரும்பி அவன் விரலில் அடித்தது. சிற்பி அசையாமல் நின்றார், முகத்தில் மட்டும் வேர்வை. அண்ணன் தலைத் திருகை அரைச் சுற்றுத் தளர்த்திவிட்டு மறுபடி சுண்டினான். படபடவென்று நாலு வெடி வெடித்து நின்றது. இன்னொரு சுண்டு. பிடித்துக்கொண்டது.

அதன் பிறகு நிற்கவில்லை. வெள்ளைப் புகை, ஈதர் வாடை, காத்தாடி கண்ணுக்குத் தெரியாமல் சுற்றியது. சிற்பி பலகையில் கையை வைத்துக்கொண்டு ஏதோ சொன்னார், அண்ணன் திருகைக் கால் சுற்று இறுக்கினான், சத்தம் ஒரே கோடாக நீண்டது. என் முப்பதில் ஒன்றுகூட இப்படி ஓடியதில்லை. அண்ணன் முகத்தைப் பார்த்தேன். அண்ணி போன பிறகு அந்த முகத்தை நான் அப்படிப் பார்க்கவே இல்லை.

எரிபொருள் தீர்ந்து நின்றது. சூடு ஆறும் வரை அவன் காத்திருந்தான். இன்ஜினைக் கழற்றி, கைக்குட்டையால் துடைத்து, என்னைத் தாண்டிப் போய்ச் சிற்பியின் கையில் வைத்தான். அவர் பதறிப்போய்த் திருப்பிக் கொடுத்தார், நான் கெடுத்த சாமான் சார் இது என்றார். அண்ணன் அவருடைய நல்ல காதுக்குப் பக்கத்தில் குனிந்து, கெடுத்ததை ஒத்துக்கொண்டு பஸ் ஏறி வந்தவரிடம்தான் இது இருக்க வேண்டும் என்று சத்தமாகச் சொன்னான்.

எனக்குக் கோபம் வந்தது. வராமல் இருக்குமா? உன்னிடம் கொடுப்பதற்காக நாற்பத்தைந்து வருடம் வைத்திருந்தேன், நீ ஒரு நிமிஷத்தில் தூக்கிக் கொடுக்கிறாயே என்று அவன் மேல் பாய்ந்தேன்.

"குட்த்துட்ட இல்ல? நான் வாங்கிக்கினேன் இல்ல? அத்தோட தீந்துச்சிடா," என்றான் அண்ணன். "இப்ப இது என்னுது. என்னுத நான் யாருக்கு வோணா குடுப்பேன்."

யாரிடமும் பதிலுக்குப் பதில் பேசாமல் விட்டதில்லை நான். அன்று மட்டும் அந்த மணலில் உட்கார்ந்து சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன். அண்ணன் என்னைச் சமாதானப்படுத்த வரவில்லை. எரிபொருள் இன்னும் மீதி இருக்கிறதா, இன்னொரு தடவை ஓட்டலாமா என்று சிற்பியிடம் கேட்டுக்கொண்டிருந்தான்.